நீலக் கிட்டாருக்கு ஓர் உறை

சீட் கவர் தைக்கிறவருக்குத் தேய்மானத்தைக் கண்டால் பொறுக்காது. ஒரு காரின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த மாத்திரத்தில், ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவார், பின் சீட்டில் குழந்தை உண்டா, நாய் உண்டா என்றெல்லாம் சொல்லிவிடுவார். அதனால் மனைவியின் கிட்டாரில் மேல் விளிம்பு, அவளுடைய வலது கை படிகிற இடம், உள்ளங்கை அகலத்துக்கு மங்கிப் போயிருந்ததை வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். வீட்டில் இருந்ததே இரண்டு பேர் என்பது வேறு விஷயம்.

"இங்க வந்து பாரேன்," என்றார்.

மனைவி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்ன?"

"இந்த இடம். பளபளப்பு போச்சு பாரு."

"நீங்க விளக்கை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

அவர் நகர்ந்தார். அவள் குனிந்து பார்த்தாள். "ஆமா, கொஞ்சம் மங்கித்தான் இருக்கு."

"வேர்வை."

"என் வேர்வைதான். பக்கத்து வீட்டு வேர்வையா வரும்?" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் மட்டும் அங்கேயே நின்று, விரலை அந்த இடத்தின் மேல் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வேர்ப்பதைப் பற்றி யாரும் ஆச்சரியப்பட்டதில்லை. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. காலையிலிருந்து சாயங்காலம் வரை கொதிநீரும் ஆவியும் இஸ்திரிச் சூடும்தான். அதற்கு மேல் அவள் உடம்பு வாகும் அப்படி. சும்மா உட்கார்ந்து ஒரு பக்கம் படித்தாலே காகிதத்தில் கட்டைவிரல் ஈரம் பதிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்து வெள்ளிவிழா வந்தபோது, கூட வேலை செய்கிறவர்கள் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்கள். சுவர்க்கடிகாரம் என்று சொல்வாள் என எல்லாரும் மனதுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். அவள், "எலக்ட்ரிக் கிட்டார்," என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு தேடப் போனார்கள்.

தேடிப் பிடித்தவர் எக்ஸ்ரே எடுப்பவர். அவரை ஆஸ்பத்திரியில் எல்லாரும் எக்ஸ்ரே என்றே கூப்பிடுவார்கள். பேஸ் கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர். புதியதை விடப் பழையதுதான் நன்றாகப் பாடும் என்று சொல்லி, யாரோ நல்லபடியாக வைத்திருந்த ஒரு பழைய கிட்டாரை வாங்கி வந்தார். குழந்தைக்குப் பின்னுகிற ஸ்வெட்டரில் வருமே, அப்படி ஓர் இளநீலம். பழைய காலத்து மெல்லிய லாக்கர் பூச்சு. கையில் எடுத்தால் கனம் தெரியும், பூச்சு தெரியாது, மரத்தையே தொடுகிற மாதிரி இருக்கும்.

அதன் பிறகு அவளுக்குப் புதன்கிழமை என்றால் புதன்கிழமைதான். சலவைப் பிரிவுக்குப் பின்னால் விரிப்பும் போர்வையும் அடுக்கி வைக்கிற அறையில் நாலு பேர் கூடுவார்கள். அவள், எக்ஸ்ரே, டிரம்ஸுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பாட்டுக்கு ஒரு வார்டு நர்ஸ். கூரை வரைக்கும் அடுக்கியிருந்த துணி சத்தத்தையெல்லாம் விழுங்கிவிடும் என்பதால் நோயாளிகள் தூக்கத்துக்குப் பங்கம் இல்லை.

சீட் கவர்க்காரரும் புதன்கிழமை தவறாமல் போய்விடுவார். கடையைக் கொஞ்சம் சீக்கிரம் சாத்திவிட்டு, பையில் மெத்தென்ற துணிகள் மூன்று மடித்து எடுத்துக்கொண்டு. ஒன்று ஈரம் ஒற்ற, ஒன்று துடைக்க, ஒன்று மெருகேற்ற. ஒரு பாட்டு முடிந்ததும் எழுந்து போய்க் கிட்டாரைத் துடைப்பார். அவள் வாரைத் தோளிலிருந்து கழற்றாமலே நிற்பாள். சட்டைப் பொத்தான் போட்டுவிடும் அம்மாவுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை நிற்கிற மாதிரி இருக்கும் பார்க்க. அடுத்த பாட்டுக்கு மற்ற மூன்று பேரும் காத்திருப்பார்கள்.

இதில் அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவர் சுபாவம் அது. அந்த வீட்டில் டிவி ரிமோட்டுக்கு உறை உண்டு. மிக்ஸிக்கு உண்டு. குடைக்கு ஒன்று, குடையின் உறைக்குள் தண்ணீர் போகாமலிருக்க இன்னொன்று. வேறு ஊரில் வேலை பார்க்கிற மகள் ஒவ்வொரு தடவை வரும்போதும், "விட்டா அம்மாவுக்கும் ஒரு உறை தைச்சு மாட்டிருவீங்கப்பா," என்பாள். அவர் அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

மங்கலைக் கண்டுபிடித்த மறுநாளே அவர் ஒரு யோசனை சொன்னார். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாசித்தால் என்ன?

"அந்த அறையிலயா? நான் வெந்துருவேன்," என்றாள் அவள்.

"அப்ப விடு. நான் பார்த்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். கடையில் இருந்ததிலேயே உசத்தியான ரெக்சின் ஒரு துண்டு, நல்ல கார்களுக்கென்று எடுத்து வைத்திருந்தது, அடர்நீல நிறம். கிட்டாரின் மேல் விளிம்பு வளைந்து வளைந்து போகும். அந்த வளைவைக் காகிதத்தில் பிடித்து, சாக்கட்டியால் வரைந்து, வெட்டி, இரு பக்கமும் ரெக்சின் வர மடித்து, நடுவே மெல்லிய ஃபோம் வைத்து, ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டார். ஒட்டுவதற்குப் பசை கிடையாது. ஒரு எலாஸ்டிக் வார் கீழே வால் பக்கத்து ஆணியிலும், இன்னொன்று கழுத்துப் பக்கம் தோள்வார் மாட்டுகிற ஆணியிலும் போய்ப் பிடித்துக்கொள்ளும். மாட்டிப் பார்த்தபோது கிட்டாரோடு பிறந்த மாதிரி உட்கார்ந்தது. வாழ்க்கையில் எத்தனையோ சீட் தைத்திருக்கிறார், ஆனால் தைத்து முடித்ததை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது இதற்குத்தான்.

மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தையல் ரொம்ப அழகா இருக்கு," என்றாள். அது உண்மை. அன்றிலிருந்து அதை மாட்டித்தான் வாசித்தாள். வெறும் கை ரெக்சினில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போதெல்லாம் 'பிசக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் படுக்கப் போகும் முன் அவர் அதைக் கழற்றி, உள்பக்கம் துடைத்து, காற்றாட வைத்துவிட்டு, காலையில் மாட்டுவார்.

இப்படியே போயிருந்தால் ஒரு சிக்கலும் வந்திருக்காதோ என்னவோ. ஆஸ்பத்திரி ஆண்டுவிழாவில் இந்த நாலு பேரும் வாசிக்கட்டும் என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். பயிற்சி கூடியது. ஒரு புதன்கிழமை அவர் பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது மனைவி வாசல் நிலையில் சாய்ந்து நின்று சொன்னாள்.

"ஏங்க, விழா முடியற வரைக்கும் நீங்க அங்க வர வேண்டாமே."

அவர் நிமிர்ந்தார். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்றேன்."

"சரி," என்றார் அவர்.

அவ்வளவுதான் பேச்சு. அவர் கோபக்காரர் இல்லை. துணிகளைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார். சாப்பிட்டார், நியூஸ் பார்த்தார். ஆனால் அன்றிலிருந்து கிட்டார் இருக்கிற மூலைப் பக்கம் போவதில்லை. கூடத்தைக் கடக்கும்போது கூட மறுபக்கம் பார்த்துக்கொண்டே கடப்பார், பாக்கி வைத்த கடையைத் தாண்டிப் போகிறவர் மாதிரி. அவளுடைய பொருள், அவள் பார்த்துக்கொள்ளட்டும். உறையையும் ராத்திரி கழற்றி வைக்கவில்லை. கழற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, இத்தனை நாள் அவர்தானே அதைச் செய்துகொண்டிருந்தார். அந்த இரண்டு வாரமும் பார்த்து வெயில் மண்டையைப் பிளந்தது. சுவரைத் தொட்டால் ராத்திரியிலும் சுட்டது.

விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை. மனைவி காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். அவர் கடை திறக்கவில்லை. வீட்டைப் பெருக்கிக்கொண்டு வந்தவர் கிட்டார் மூலையில் விளக்குமாற்றை நிறுத்தினார். எத்தனை நாள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது? தூசியாவது தட்டலாம் என்று உறையின் வாரைக் கழற்றி இழுத்தார்.

வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தார். பழைய ஸ்டிக்கரை உரிப்பது போன்ற ஒரு சத்தத்தோடு கையோடு வந்தது.

கீழே இளநீலம் இல்லை. ரெக்சினில் போட்டிருக்கும் தோல்வரி அத்தனையும் லாக்கரில் அச்சாகப் பதிந்திருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. ஒரு ஓரத்தில் பூச்சு உறையோடு ஒட்டிக்கொண்டு வந்து, நகக்கண் அளவுக்கு மரம் தெரிந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ரெக்சினில் ஒரு எண்ணெய்ப்பசை உண்டு, சூட்டில் அது கசியும், பாலிஷ் போட்ட மரத்தின் மேல் கிடந்தால் பாலிஷை இளக்கிவிடும். இது அவருக்குத் தெரியாத சங்கதியா? கடையில் ரெக்சின் சுருளை யாராவது மேசை மேல் வைத்தால், "எடுங்க எடுங்க, மேசை போயிடும்," என்று பதறுகிறவரே அவர்தான். மேசைக்குத் தெரிந்த நியாயம் கிட்டாருக்கு எப்படி மறந்து போயிற்று என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். வேர்வை, வேர்வை என்று மனசு முழுக்க அதுவே நின்றதில் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

அடுத்து அவர் செய்த காரியம் அவருக்கே பிறகு வெட்கமாக இருந்தது. உறையை எடுத்துப் பழையபடி மாட்டிவிட்டு, கிட்டாரைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, மனைவி வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுப் பஸ் ஏறினார்.

கிட்டார் பழுது பார்க்கிற இடம் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பழுது பார்ப்பவள் மகள் வயதுப் பெண். மூக்குக்கண்ணாடியைத் தலையில் தூக்கி விட்டுக்கொண்டு, கழுத்து தனியே உடம்பு தனியே கிடந்த ஒரு கிட்டாருக்குள் குனிந்திருந்தாள். அவர் பையைத் திறந்ததும் முதலில் உறையைத்தான் எடுத்துப் பார்த்தாள்.

"யார் சார் இதைத் தச்சது? தையல் அவ்வளவு சுத்தமா இருக்கு."

"தெரிஞ்சவர் ஒருத்தர்."

அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கிட்டாரைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். விரலால் தொடாமல் அருகில் முகத்தை வைத்துப் பார்த்தாள். "லாக்கர் இளகிடுச்சு சார். இப்ப இதைத் தொடக் கூடாது. தொட்டா தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும். கொஞ்ச மாசம் காத்தாட விட்டா தானா இறுகும். அப்புறம் தேய்ச்சு சமமாக்கி, போன இடத்துல கலர் வச்சு, பாலிஷ் போட்டுத் தரேன். முழுசா பழையபடி ஆகும்னு சொல்ல மாட்டேன். உத்துப் பார்த்தா தெரியும்."

"வர்ற சனிக்கிழமை ஒரு விழாவுல வாசிக்கணுமே."

"வாசிக்கலாமே. சத்தத்துக்கு ஒண்ணும் ஆகல. உறை மட்டும் போடாதீங்க."

அவர் தயங்கினார். "உறை போட்டதே வேர்வையில இருந்து காப்பாத்தத்தான். இங்க மங்கிப் போயிருந்துச்சு."

"அந்த மங்கலா?" உறை மூடாத கீழ்ப்பக்கத்தில், அதே மாதிரி மங்கியிருந்த ஒரு ஓரத்தை அவள் பார்த்தாள். ஒரு துணியை லேசாக நனைத்து அதன் மேல் தேய்த்தாள், காய்ந்த துணியால் ஒற்றினாள், ஒரு சொட்டு பாலிஷ் விட்டு வட்டமாகத் தடவினாள். சன்னல் அதில் தெரிந்தது, கம்பி கம்பியாக. "உப்பும் அழுக்கும் படிஞ்சா இப்படித்தான் இருக்கும். வாசிச்சு முடிச்சதும் துடைச்சா போதும், வேற ஒண்ணும் பெரிசா வேண்டாம். அந்தத் தெரிஞ்சவர்கிட்ட சொல்லுங்க, தைக்கிறதா இருந்தா பருத்தித் துணியில தைக்கச் சொல்லி."

"சொல்றேன்," என்றார் சீட் கவர்க்காரர்.

பஸ்ஸில் கிட்டாரை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாக்கியம் தயார் செய்து, அது சரியில்லை என்று இன்னொன்று செய்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தார்.

கதவு திறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொதிகலன் பழுதாகி வேலை நின்று போனதால் மனைவி முன்னாலேயே வந்துவிட்டாள். கூடத்தில், வெறும் கிட்டார் ஸ்டாண்டுக்கு எதிரே, நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் தோளில் இருந்த பையைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருமா எங்க போயிட்டு வர்றீங்க?"

தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. பையைத் திறந்து கிட்டாரை எடுத்து, அந்த இடம் தெரியும்படி அவள் முன்னால் சாய்த்துப் பிடித்தார். "நான் கெடுத்துட்டேன்," என்றார்.

அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"போன வாரமே பார்த்துட்டேன். கை ஒட்டிக்கிட்டு உயிரை வாங்குச்சு. ஒரு நாளைக்காவது கழட்டிட்டு வாசிப்போம்னு மெல்லத் தூக்கிப் பார்த்தேன். பார்த்துட்டு, அப்படியே அழுத்தி வச்சுட்டேன்."

"திருப்பி மாட்டினியா? ஏன்?"

"நீங்க பார்த்தா என்ன ஆவீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். "அதைத் தச்சு வச்சுக்கிட்டு டீ குடிக்கப் போகாம உட்கார்ந்திருந்தீங்கன்னு பக்கத்துக் கடைக்காரர் சொன்னாரு. விழா முடியட்டும், அப்புறம் எப்படியாவது பக்குவமா சொல்லிக்கலாம்னு இருந்தேன். எனக்கு அந்த 'பிசக்' பழகிப் போச்சு."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மறைக்க நினைத்ததை அவள் ஏற்கெனவே அவருக்காக மறைத்து வைத்திருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்று வைத்துக்கொண்டார். மனதில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"அப்படின்னா என்னை ஏன் வர வேண்டாம்னு சொன்னே?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "சரி, ஒண்ணு கேக்கறேன். எத்தனை புதன்கிழமை வந்திருக்கீங்க. நாங்க வாசிக்கிற பாட்டு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் யோசித்தார். மனசாரத்தான் யோசித்தார். எக்ஸ்ரேயின் பேஸ் கிட்டார் முனையில் சின்னதாக அடிபட்ட தடம் ஞாபகம் வந்தது. மனைவியின் தோள்வாரில் தையல் விட்டுப்போகப் பார்க்கிற இடம் ஞாபகம் வந்தது. விரிப்பு அடுக்குகளில் எந்த அடுக்கில் ஓரம் நைந்திருந்தது என்பது கூட வந்தது. பாட்டு வரவில்லை.

"டிரம்ஸ் வாசிக்கிறவரோட ஸ்டூல்ல ஃபோம் ஒரு பக்கமா அமுங்கிப் போச்சு," என்றார் கடைசியில்.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வெங்காயக் கையால் கண்ணைத் துடைக்கப் போய், எரிந்து, அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

"நீங்க அங்க நின்னா நான் கம்பியைப் பார்க்கிறதில்லைங்க," என்றாள் அவள், சிரிப்பு அடங்கியதும். "உங்க கண்ணு எங்க போகுதுன்னுதான் பார்க்கிறேன். எங்க கீறல் விழுந்துச்சோ, எங்க வேர்வை பட்டுச்சோன்னு. விரல் தடுமாறுது. சொல்லவும் மனசு வரல. ஆசையா வர்றீங்க."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து கிட்டாரை ஸ்டாண்டில் நிறுத்தினார். ஸ்டாண்டின் ரப்பர் படுகிற இடத்தில் ஒரு பழைய பருத்தித் துணியை மடித்து வைத்தார், அந்த ரப்பரும் இதே வேலையைச் செய்யும் என்று நினைவு வந்ததால். பிறகு திரும்பி, "இப்ப ஒண்ணு வாசிச்சுக் காட்டறியா?" என்றார். "நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன். எழுந்திரிக்க மாட்டேன்."

கை கழுவிக்கொண்டு வந்து அவள் வாசித்தாள். ஒலிபெருக்கிப் பெட்டியில் சொருகாத எலக்ட்ரிக் கிட்டார் கொசு பாடுகிற அளவுக்குத்தான் கேட்கும். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போனார். அது எக்ஸ்ரே சொந்தமாக எழுதிய பாட்டு. வெளியூர் கிளம்புகிறவன் வாசலில் நின்றுகொண்டு வீட்டுச் சாவியைத் தேடுகிறான். முதல் இரண்டு அடியில் பையில் தேடுகிறான், அடுத்ததில் அலமாரியில், அப்புறம் போக வேண்டுமா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அவள் வாசித்துக்கொண்டே வார்த்தைகளை மெல்லச் சொன்னாள்.

"இப்ப எங்க தேடறான்?" என்று அவர் கேட்டார்.

"சட்டைப் பையில."

"நல்லா தேடறான்."

அந்த வாரம் முழுக்க, கடையிலிருந்து வந்ததும் அந்த நாற்காலிதான். ஒரு நாள் மூன்றாவது அடியில் ஓரிடத்தில் சுருதி கொஞ்சம் வேறு மாதிரி போகிறதே, நேற்று இப்படி இல்லையே என்று கேட்டார். அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "நேத்து தப்பா வாசிச்சேன்," என்றாள். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்து போயிற்று.

விழா சனிக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரி கேன்டீன் கூடத்தில். மேசைகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். உறை இல்லாத கிட்டாரைப் பார்த்ததும் எக்ஸ்ரே கேட்டார், "என்னக்கா, முதலைத் தோல் மாதிரி? புது டிசைனா?"

"வீட்டுக்காரர் கைவேலை," என்றாள் அவள்.

எக்ஸ்ரே திரும்பி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சீட் கவர்க்காரரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அவருக்கு எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவரும் தலையசைத்தார்.

முதல் இரண்டு பாட்டு நன்றாகப் போயிற்று. கூரை விளக்கு நேராக அந்தத் தழும்பின் மேல் விழுந்தது. அவர் கண் அங்கே போகத்தான் செய்தது. போனதும் இழுத்துப் பிடித்துக் கொண்டுவந்து அவள் விரல்களில் விட்டார். வேர்வை முழங்கையிலிருந்து சொட்டி நீலத்தில் ஓடியது. ஓடட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது, சாவிப் பாட்டு. நர்ஸ் முதல் அடி பாடி இரண்டாவது எடுக்கும்போது அவள் இடுப்புப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், மைக்கை ஸ்டாண்டில் வைத்தாள், பக்கக் கதவு வழியாக வேகமாகப் போய்விட்டாள். வார்டில் இருந்து அழைப்பு வந்தால் போகத்தான் வேண்டும். டிரம்ஸும் பேஸும் மட்டும் தட்டிக்கொண்டே நின்றன. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். எக்ஸ்ரே நீலக் கிட்டாரோடு நின்றவளைப் பார்த்தார். கூடத்தில் நாற்காலிகள் கிரீச்சிட ஆரம்பித்தன.

அவள் ஓரடி முன்னால் வந்தாள். இத்தனை நேரம் பாட்டுக்குப் பின்னால் தாளம் பிடித்துக்கொண்டிருந்தவள், நர்ஸ் பாட வேண்டிய அடியையே கம்பியில் எடுத்தாள். முதலில் கொஞ்சம் தடுமாற்றம். பிறகு ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் வந்து விழுந்தது, அலமாரி, சட்டைப் பை, வாசல், சந்தேகம். சீட் கவர்க்காரரின் உதடு தானாக அசைந்தது. கழுத்து முன்னால் நீண்டுவிட்டது.

பக்கத்து நாற்காலிக்காரர், மருந்தகத்தில் வேலை செய்கிறவர், அவர் பக்கம் சாய்ந்தார். "பாடறவங்க போயிட்டாங்களே, இனி வெறும் வாசிப்புதானா?"

"பாட்டுதாங்க போயிட்டிருக்கு," என்றார் அவர், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் இருங்க. இப்ப சாவி கிடைச்சிடும்."

கிடைத்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கடைசியாகத் தட்டி முடித்ததும் கூடம் கைதட்டியது. மருந்தகத்துக்காரர் கைதட்டிக்கொண்டே, "எங்க இருந்துச்சாம்?" என்று கேட்டார். "கதவுலயே தொங்கிட்டு இருந்துச்சு," என்றார் சீட் கவர்க்காரர்.

நர்ஸ் திரும்பி வந்தபோது எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் டிரிப்ஸ் குழாயைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தாராம், சமாதானப்படுத்திப் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தாள். மனைவி சலவைப் பிரிவுத் துண்டு ஒன்றால் முதலில் முகத்தையும், பிறகு கிட்டாரையும் துடைத்தாள். வீட்டுக்கு நடக்கும்போது, மழைக்காலம் முடிந்ததும் கிட்டார் பழுது பார்க்கிற பெண்ணிடம் கொடுத்துப் பூச்சைச் சரிசெய்துகொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். புதன்கிழமை வருகிறீர்களா என்று அவள் கேட்டாள். வருகிறேன் என்றார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். கிட்டார் கெட்ட கதை அவளுக்குப் போன வாரமே தெரியும். "எப்படிப்பா இருந்துச்சு? அந்த இடம் ரொம்பத் தெரிஞ்சுதா?" என்றாள்.

"எந்த இடம்?" என்றார் அவர், பிறகு, "அதுவா, அதை விடு," என்றுவிட்டு, நர்ஸ் போனதிலிருந்து ஆரம்பித்தார். அம்மா முன்னால் வந்ததைச் சொன்னார். எப்படி எடுத்தாள் என்று சொன்னார். சொல்லி விளங்காது என்று தோன்றவே, தொண்டையைச் செருமிக்கொண்டு போனில் பாட ஆரம்பித்தார். மகள் வாழ்க்கையில் அவர் பாடிக் கேட்டதில்லை.

"ரெண்டாவது அடி அப்படி இல்லைங்க," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "கொஞ்சம் மேலே போகணும்."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தார்.